குளிர் நாட்டுக்குப் பனங்கொட்டை கட்டி அனுப்பாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

நம்ம செட்டிநாட்டுல வீட்டுக்கு ஒரு பிள்ளையாச்சும் லண்டன், வான்கூவர், நியூ ஜெர்சின்னு இருக்கு. லீவுக்கு வந்துட்டுத் திரும்புறப்ப தேன்குழல், மனகோலம், வத்தல் எல்லாம் கட்டுற பெட்டியில இப்ப பனங்கொட்டை, தென்னங்கன்னும் சேந்துக்கிட்டு வருது, அங்க வாங்கின வீட்டுத் தோட்டத்துல ஊர் ஞாபகமா ஒரு மரம் வேணுமாம். ஆசை நல்ல ஆசைதான், ஆனா நம்ம பனை அங்க பொழைக்காதுங்க. காரைக்குடி செம்மண்ணுல தண்ணியே ஊத்தாம நிக்கிற மரம்தான், ஆனா அது பழகினது வெயிலுக்கு, உறைபனிக்கு இல்லை. தொட்டியில வச்சு ஹால்ல வளத்துக்கலாம்னா அதுவும் சரிப்படாது, பனை மேல வர்றதுக்கு முன்னாடி கீழதான் போகும், கிழங்கு தோண்டினவங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு ஆழம்னு.

இன்னொன்னு, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஏர்போர்ட்ல விதையோ செடியோ டிக்ளேர் பண்ணாம கொண்டு போனா அபராதம். இது சும்மா கெடுபிடின்னு நினைக்காதீங்க. நம்ம தென்னந்தோப்பைப் பாழாக்குற சிவப்புக் கூன்வண்டு இருக்கே, அதுவே மரம், கன்னு ஏத்துமதி வழியா 1990கள்ல ஸ்பெயினுக்குப் போய், மத்தியதரைக்கடல் ஓரமெல்லாம் பரவி, தெருவுல அழகுக்கு வச்சிருந்த கேனரி ஈச்சமரங்களை வரிசையா சாய்ச்சிருச்சு.

சரி, அப்ப பனையே வேணாமான்னா, வேணும், குளிர் தாங்குற பனைக இருக்கு, அது பல பேருக்குத் தெரியலைங்கிறதுக்காகத்தான் இந்தக் கடுதாசி. முதல் பேரு விண்ட்மில் பனை. சீனாவுல இதோட அடிமரத்து நாரை எடுத்துக் கயிறு திரிப்பாங்க, மழைக்கோட்டுகூட பின்னுவாங்க. 1849 வாக்குல ராபர்ட் ஃபார்ச்சூன்னு ஒருத்தர் இங்கிலாந்துக்கு அனுப்பி வச்சாரு, அதே ஆளுதான் சீனாவுலேர்ந்து தேயிலைச் செடியை நைசா இந்தியாவுக்குக் கொண்டு வந்தவரு, கைக்காரர். வேர் பிடிச்சு நின்ன மரம் மைனஸ் 15 டிகிரி வரைக்கும்கூட தாங்கும்ங்கிறாங்க, வான்கூவர் பீச்லயே நிக்குது, போய்ப் பாத்துக்கலாம். அதைவிட கெட்டி ஊசிப்பனை, அமெரிக்காவோட தென்கிழக்குல ஜார்ஜியா, ஃப்ளோரிடா பக்கத்துது, மைனஸ் 20ஐயும் தாங்குற சாதி, ஆனா உயரமா போகாது, புதர் மாதிரி முள்ளோட நிக்கும், சின்னப் புள்ளைக விளையாடுற இடத்துல வைக்காதீங்க.

ஆனா இந்த டிகிரிக் கணக்கை மட்டும் நம்பி வாங்கிட்டு ஏமாறுறவங்கதான் ஜாஸ்தி. பனையைக் கொல்றது பாதி நேரம் வெறும் குளிர் இல்லை, குளிரோட சேந்த ஈரம். பனைச்சாதிக்குப் பெரும்பாலும் கிளை கிடையாது, ஒரே குருத்து, அது போச்சுன்னா ஊசிப்பனை மாதிரி பக்கக்கன்னு விடுறது தவிர மத்தது எல்லாம் மரமே போச்சு. மழைக்காலத்துல நம்ம தென்னையில குருத்தழுகல் வர்றப்ப நடுக்குருத்தை இழுத்தா கையோட வந்துரும்ல, கிட்டத்தட்ட அதேதான் அங்க பனிக்காலத்துல நடக்குது. அதனால தண்ணி தேங்காத மேட்டு இடமா, தெக்குப் பாத்த சுவரை ஒட்டி வைக்கணும், பகல் வெயிலை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி அந்தச் சுவரு கொஞ்சம் சூடு குடுக்கும். நடுறது பனி முடிஞ்சு மே, ஜூன்ல, அப்பத்தான் அடுத்த குளிருக்குள்ள வேர் ஓடும், ஆடி அசைஞ்சு செப்டம்பர்ல போய் வச்சா வீண். ரொம்ப சின்னக் கன்னும் வேணாம், பெரிய மரம் தாங்குற குளிரை அது தாங்காது. தொட்டியில இருந்தா இன்னும் மோசம், சுத்தி மண்ணு இல்லாததால வேரே உறைஞ்சு போயிரும். தூரைச் சுத்தி எலைதழை மூடாக்கு தடிமனா போடுங்க, கடுங்குளிர் அன்னைக்கு ஓலையைச் சேத்துக் கட்டி காத்து போற துணியால சுத்துங்க, பிளாஸ்டிக் கவரைப் போட்டு இறுக்கிக் கட்டிட்டு நல்லது பண்ணிட்டோம்னு உக்காந்தா உள்ளேயே வேர்த்துக் குருத்து அழுகிரும். குளிர் முடிஞ்சு ஓலை பழுப்பா நின்னா உடனே வெட்டிப் போட்டுறாதீங்க, ஜூன் வரைக்கும் பாருங்க, குருத்து மேல வளர ஆரம்பிச்சா மரம் உசுரோட இருக்குன்னு அர்த்தம். நடுக்குருத்து உருவி வந்துட்டாலும், அடியில வளர்ற முனை அழுகாம இருந்தா, உள்ள காயவிட்டு பூஞ்சாணத்துக்கான காப்பர் மருந்து ஊத்திப் பாக்கலாம், சிலது திரும்ப வரும்.

நம்ம நாட்டுலயே குளிர்ப்பனை இருக்கு தெரியுமா, உத்தராகண்ட் குமாவுன் மலையில பித்தோராகர் பக்கம் பனி கொட்டுற காட்டுல தாகில் பனைன்னு ஒன்னு, விண்ட்மில் பனையோட பங்காளி. ஊர் ஞாபகம்னு கேக்குற பிள்ளைகளுக்கு அந்தந்த நாட்டு நர்சரியிலேயே இதைக் கேட்டு வாங்கச் சொல்லலாம், பெட்டியில ஒளிச்சுக் கொண்டு போற வேலையே இல்லை.

சுவிட்சர்லாந்துல இருக்கிறவங்க மட்டும் விண்ட்மில் பனையை மறந்துருங்க. அங்க தெக்க இருக்கிற டிச்சினோ மாநிலத்துப் பக்கம் பறவைக பழத்தைத் தின்னுட்டுப் போய் காட்டுல விதை போட்டு, அது நம்ம சீமைக்கருவேல மாதிரி மண்டிருச்சு, 2024 செப்டம்பர்லேர்ந்து விக்கவே தடை.

உங்க பேப்பர்ல வார வாரம் தோட்டப் பக்கம் வருது, எல்லாம் மாடித்தோட்டக் கத்திரிக்காய்தான். வெளிநாட்டுல ஆன்லைன்ல படிக்கிறவங்களும் இருக்காங்கல்ல, அவங்களுக்கு எந்த ஊருக்கு எந்தப் பனைன்னு ஒரு கட்டுரை போடுங்க, நடுற சீசனுக்கு முன்னாடி, மார்ச்லயே போட்டா உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பள்ளத்தூர்