பின்சீட்டுக்காக ஓட்டும் வண்டி

அன்பு மகள் கயல்விழிக்கு,

எங்கள் பழைய மாருதி சியாஸை நீ எடுத்துக்கொள்வதா, கடன் போட்டு உயரமான எஸ்யூவி ஒன்றை வாங்குவதா என்று போனில் கேட்டாய். எடுத்துக்கொள் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். ஆனால் நீ இதுவரை ஓட்டியதெல்லாம் வேகன் ஆர். டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருக்கும் செடான் ஓட்டுவது வேறு பழக்கம். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடு என்றுதான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் பேத்தி வந்து பிடுங்கிக்கொள்வாள்.

கதவைத் திறந்து உட்காரும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும். வேகன் ஆரில் நாற்காலியில் அமர்வது போல நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். இதில் இடுப்பு தாழ்ந்து, கால் நீண்டு, சாலைக்குப் பக்கத்தில் இருப்பாய். முதல் வாரம் எல்லா வண்டியும் உன்னைவிட உயரமாகத் தோன்றும். பானெட்டின் நுனி கண்ணுக்குத் தெரியாது, டிக்கியின் நுனியும் தெரியாது. வண்டியின் நீளம் 4,490 மில்லிமீட்டர். உன் பழைய வண்டியைவிட 80 சென்டிமீட்டருக்கும் அதிகம். அந்தக் கூடுதல் நீளத்தை உடம்பு பழகிக்கொள்ளும்வரை அவசரப்படாதே. சிக்னலில் நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் உன் கண்ணில் படும் அளவுக்கு இடைவெளி விடு. முனைகளில் திரும்பும்போது இன்னும் ஒன்று கவனி. முன்சக்கரம் போன தடத்திலேயே பின்சக்கரம் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். மதுரை மாசி வீதிகளின் முனைகளில் எத்தனையோ செடான்களின் பின்கதவில் கோடு விழுவது இதனால்தான். சற்று முன்னால் போய், பிறகு திருப்பு.

மேலூர் தாண்டி நான்கு வழிச்சாலையில் நிலைகொண்ட பிறகுதான் இந்த வண்டியின் குணம் தெரியும். ஐந்தாவது கியரில் எண்பது, தொண்ணூறில் போகும்போது ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கவே வேண்டாம், விரல்கள் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஆம்னி பஸ் ஒன்று பக்கத்தில் விரைந்து போகும்போது அடிக்கும் காற்றில் உயரமான வண்டிகள் ஒரு பக்கம் அசைந்து கொடுக்கும். இதில் அந்த அசைவு குறைவு, எடை தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,650 மில்லிமீட்டர் தூரம் இருப்பதால், சாலையில் ஒரு மேடு வந்தால் முன்பக்கம் ஏறி இறங்கி அமைதியான பிறகுதான் பின்பக்கத்தின் முறை வரும். தூக்கிப் போடுவது குறையும். டிக்கி தனிப்பெட்டியாகப் பிரிந்திருப்பதால் பின்சக்கரத்தின் இரைச்சலும் உள்ளே அவ்வளவாக வருவதில்லை. உன் அப்பா பின்சீட்டிலிருந்து பேசினால் முன்னால் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. உன் வேகன் ஆரில் அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

எஞ்சினைப் பற்றி ஒன்று. இது 1,462 சிசி பெட்ரோல் எஞ்சின், காற்றை அழுத்தி ஏற்றிப் பலம் கூட்டும் டர்போ கிடையாது. 105 குதிரைத்திறன் என்று தாளில் இருந்தாலும், அதன் முழு இழுவை, அதாவது 138 நியூட்டன் மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 4,400 சுற்று சுற்றும்போதுதான் கிடைக்கும். அதனால் ஐந்தாவது கியரில் இருந்துகொண்டே ஆக்சிலரேட்டரை அழுத்தி லாரியை முந்தப் பார்த்தால் வண்டி அசைந்து கொடுக்காது. மூன்றாவதுக்கு இறக்கு. சத்தம் கூடும், பயப்படாதே. அந்தச் சத்தத்தில்தான் அதன் பலம் இருக்கிறது. முந்தி முடித்து இடது தடத்துக்கு வந்த பிறகு மேல் கியருக்குப் போ. இப்போது வரும் டர்போ செடான்கள் இதைவிட வேகமாகப் பாயும். ஹூண்டாய் வெர்னாவின் டர்போவில் 160 குதிரைத்திறன் இருக்கிறது. நான்கு வழிச்சாலையில் கார்களுக்கு மத்திய அரசு வகுத்த உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அந்த வரம்புக்குள் போக இந்த எஞ்சின் தாராளம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த மாதிரி செடானில் நல்ல இடம் ஓட்டுநருடையது அல்ல, பின்சீட்டுதான். அந்தப் பின்சீட்டுக்காகவே ஓட்ட வேண்டும். உன் அப்பத்தா காரில் ஏறினால் வாந்தி வருகிறது என்று ஊருக்கு வருவதையே நிறுத்தியிருந்தவர். இந்த வண்டியில் கொட்டாம்பட்டி தாண்டியதும் கண் அயர்ந்து, விராலிமலை வந்த பிறகுதான் விழிப்பார். அதற்கு வண்டியின் நீளமும் இருக்கையின் சாய்வும் பாதிக் காரணம். மீதி, பிரேக்கில் இருக்கும் கால்.

பிரேக்கை எல்லோரும் அழுத்தத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், விடத் தெரிவதில்லை. தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு. வண்டி தானாக வேகம் இழக்கட்டும். பிறகு மெல்ல அழுத்து. நிற்பதற்கு ஒரு முழம் இருக்கும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்து. நின்ற நொடியில் தலை முன்னால் போய்ப் பின்னால் வருமே, அது வராது. கிளட்சிலும் அப்படித்தான். கியர் மாற்றிய பிறகு பெடல் பாதித் தூரம் மேலே வரும்போது வண்டி பிடிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் பாதத்தை ஒரு கணம் தாமதித்து விடு. நிறைகுடம் சுமந்து நடப்பவளுக்குத் தோளும் இடுப்பும் எப்படிப் பழகுமோ, அப்படி உன் இரண்டு பாதங்களும் பழகிவிடும்.

உன் அத்தைக்கு முட்டிவலி என்று சொன்னாய். அதனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தாழ்ந்த இருக்கையில் உட்காருவது எளிது, எழுவது சிரமம். நடைபாதைத் திட்டை ஒட்டி நிறுத்தாதே. கால் வைக்கும் இடம் உயர்ந்தால் முட்டி இன்னும் மடங்கும். சமதளத்தில், கதவு முழுவதும் திறக்கும்படி இடம் விட்டு நிறுத்து. அவர் முதலில் பக்கவாட்டில் திரும்பி இரண்டு கால்களையும் ஒன்றாக வெளியே வைக்க வேண்டும், பிறகு முன்சீட்டின் முதுகைப் பிடித்து எழ வேண்டும். ஒரு காலை வெளியே ஊன்றி உடம்பை முறுக்கி எழுந்தால்தான் வலி உயிர் போகும். உயரமான எஸ்யூவி வாங்கினாலும் அவருக்குச் சிரமம் தீராது. அதில் எழுவது எளிது, ஏறுவதற்கு மாடிப்படி ஏறும் வேலை. உங்கள் வீட்டு மாடிப்படிக்கே அவர் யோசிப்பவர்.

டிக்கி 510 லிட்டர். ஊரிலிருந்து போகும்போது அரிசி மூட்டை, தேங்காய், வற்றல் டப்பா, பேத்தியின் சைக்கிள் எல்லாம் போட்டாலும் மூடி சாத்திவிடலாம். கருவாட்டு வாசனை உள்ளே வராது. இது உன் வீட்டுக்காரருக்கு நல்ல செய்தி. ஆனால் ஐந்து பேரும் மூட்டைகளுமாக ஏறினால் வண்டியின் வயிறு இறங்கிவிடும். தரை இடைவெளி 170 மில்லிமீட்டர் என்பது காலி வண்டிக்கான கணக்கு. கிராமத்துச் சாலைகளில் அறிவிப்பும் இல்லாமல், வெள்ளைக்கோடும் இல்லாமல் வேகத்தடை போட்டிருப்பார்கள். அதன் உச்சியில் பிரேக் பிடிக்காதே. பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு இன்னும் தாழ்ந்து உரசும். முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, உருண்டு ஏறு. மிகவும் உயரமாக இருந்தால் எதிரில் வண்டி இல்லாத நேரம் பார்த்துச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கு.

மழைத் தண்ணீரில் தாழ்ந்த வண்டி சிரமம் என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் சொல்வது சரி. நீ இருப்பது வேளச்சேரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பகுதி பட்ட பாடு நமக்குத் தெரியும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே உங்கள் பக்கத்து மக்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நீயும் தயங்காமல் நிறுத்து. தேங்கிய நீர் சக்கரத்தில் பாதிக்கு மேல் வரும் என்று தோன்றினால் இறங்காதே, எவ்வளவு அவசரமானாலும் சரி. நீரின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. முயன்றால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அதோடு எஞ்சின் போயிற்று. நின்ற வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, மெக்கானிக்கைக் கூப்பிடு.

மலைப்பாதை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு பக்கம் இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டுவிடு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வளைவுகளில் இந்த வண்டி அதிகம் சாயாது, பின்னால் இருப்பவர்களுக்குக் குமட்டாது.

பழைய வண்டி, கம்பெனியும் விற்பதை நிறுத்திவிட்டது, உதிரிபாகம் கிடைக்குமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். 2014 அக்டோபரில் வந்த சியாஸ் 2025 ஏப்ரலோடு நின்றது. அது ஓட்ட நன்றாக இல்லாததால் அல்ல, ஜனங்கள் எல்லோரும் உயரமான வண்டிகளின் பக்கம் போய்விட்டதால். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இதே எஞ்சின் எர்டிகாவிலும் ஓடியிருக்கிறது; எந்த ஊரிலும் மெக்கானிக்கின் கை அதற்குப் பழகியிருக்கும். புதிதாக ஒன்று வாங்குவதாக இருந்தாலும் கணக்குப் பார். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, பெரிய கார்களுக்கு 40 சதவீதம். அந்த வரியும் கடன் வட்டியும் சேர்ந்தால் பேத்தியின் பள்ளிக்கட்டணம் நெருக்கும்.

பாதுகாப்பில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதில் ஏர்பேக் இரண்டுதான், முன்னால் இருப்பவர்களுக்கு. அதனால் பின்சீட்டில் பெல்ட் போடாமல் வண்டியை எடுக்காதே. உன் அத்தை முகம் சுளித்தாலும் சரி, உன் அப்பா கோபித்துக்கொண்டாலும் சரி. பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை இன்றோடு விடு. பின்சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது, அந்த இருக்கையை நான் வாங்கித் தருகிறேன். நாளை கையில் பணம் சேர்ந்து புதிது வாங்குகிற காலம் வந்தால் ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், புது வெர்னா மூன்றையும் போய்ப் பார். மூன்றும் 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. செடானிலேயே இருந்துகொண்டு பத்திரத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் நான் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். வண்டி உன் கைக்கு மாறிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றச் சொல்லிவிடு, தள்ளிப்போடாதே. ஃபாஸ்டாக் உன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். டயருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவுப் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கிறது. சுமை ஏற்றும்போது பின்டயர்களுக்கு அதில் உள்ள அதிக அளவைப் பிடி.

டேங்க் கொள்ளளவு 43 லிட்டர், நிரப்பி வைக்கிறேன். சென்னை வந்து சேர்ந்த பிறகும் மீதம் இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் வந்துவிடு. சனிக்கிழமை காலை நீ ஓட்ட, அப்பத்தாவைப் பின்னால் உட்காரவைத்து அழகர்கோவில் போய் வருவோம். பிரேக் பற்றி அவரே உனக்குச் சொல்வார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவரையும் அழைத்து வா, ஞாயிறு சென்னை திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் மாற்றி ஓட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா