குழாய் மாத்தின கதையையும் போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்க கறுப்பின மக்களைப் பத்தி நியூஸ்னாலே துப்பாக்கிச்சூடு, போராட்டம்தான், அதுவும் வரணும்தான், ஆனா உருப்படியா என்ன செஞ்சாங்கன்னும் கொஞ்சம் போடுங்க சார். நியூஜெர்சில நெவார்க்னு ஒரு ஊரு, கிட்டத்தட்ட பாதி பேர் கறுப்பின மக்கள், பெரும்பாலும் வாடகை வீடு, குடிதண்ணில ஈயம் கலந்து வந்துச்சு. 2019ல வேகம் எடுத்து மூணே வருஷத்துக்குள்ள 20 ஆயிரத்துக்கும் மேல ஈயக் குழாயை மாத்திட்டாங்க, மக்கள்கிட்ட ஒரு பைசா வாங்கல. இதுல எனக்குப் பிடிச்சதே, ஹவுஸ் ஓனர் எங்கயோ இருப்பாரு, அவர் கையெழுத்துக்கு யார் அலையுறதுன்னு, ஓனர் பர்மிஷன் இல்லாமலே மாத்தலாம்னு தனியா ஒரு சட்டம் போட்டாங்க பாருங்க, அதான் மூளை!

அப்புறம் கனெக்டிகட் மாநிலத்துல 2023 ஜூலைல இருந்து, மெடிக்கெய்ட்ல, அதாவது வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுல பிறக்குற ஒவ்வொரு குழந்தை பேர்லயும் மாநில அரசே 3,200 டாலர் முதலீடு பண்ணுது, 18 வயசுக்கு மேல படிப்பு, வீடு, தொழில்னு எடுத்துக்கலாம். 1930கள்ல கறுப்பின மக்கள் ஏரியாவை மேப்ல சிவப்படிச்சு வீட்டுக் கடனே கிடைக்காம பண்ணி சொத்து சேர விடாம வச்சதுக்கு இது பத்துமான்னா, பத்தாது. நம்ம பேப்பர்ல இது ஒரு பத்திகூட வரலையே சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்