மணல் புட்டியைக் குலுக்கச் சொல்

அன்பு மகளுக்கு,

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஆற்றல் பாடத்தில் இரண்டு நாள் பயிற்சி நடத்தப் போகிறேன், என்ன பேசலாம் என்று கேட்டிருந்தாய். பேச்சைக் குறைத்துக்கொள். முப்பது வருஷம் பாடம் நடத்தினவள் சொல்கிறேன், நம்மவர்களிடம் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், 'ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "அழிக்கவே முடியாதுன்னா, அப்புறம் எதுக்கு டீச்சர் மின்சாரத்தைச் சேமிக்கணும்?" வகுப்பே சிரித்தது. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுக்க அவன் வாய் திறக்கவில்லை. எனக்கே பதில் தெரியாது, அதுதான் விஷயம்.

உன் பயிற்சியை அந்தக் கேள்வியில் தொடங்கு. பெயர் போடாமல் துண்டுத்தாளில் பதில் எழுதச் சொல். பெயர் கேட்டால் எல்லோரும் புத்தக வரியை எழுதிவிடுவார்கள். தாள்களைச் சேர்த்து வாங்கி உரக்கப் படி. எது சரி, எது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதே. அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் ஒரு பந்தைக் கீழே போடு. நாலைந்து தரம் குதித்து அடங்கிவிடும். ஆற்றல் எங்கே போயிற்று? "உராய்வில் போய்விட்டது" என்று யாராவது சொல்வார்கள். உராய்வு என்பது ஊரா, போய்ச் சேருவதற்கு? அங்கிருந்து எங்கே என்று விடாமல் கேள். பந்திலும் தரையிலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சூடாகக் கலந்திருக்கிறது என்பதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதற்குத்தான் மணல். பிளாஸ்டிக் புட்டியில் பாதி மணல் போட்டு, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, ஆள் மாற்றி ஆள் ஐந்து நிமிடம் குலுக்கட்டும். ஓரிரு டிகிரி ஏறும். வியர்க்க வியர்க்கக் குலுக்கியும் இவ்வளவுதானா என்பார்கள். அந்த ஏமாற்றம்தான் உனக்கு வேண்டும்.

உடனே கணக்கைப் போட்டுக் காட்டு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,184 ஜூல் வேண்டும் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). அதே ஆற்றல் அந்தத் தண்ணீரை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதும். 1840களில் ஜேம்ஸ் ஜூல் என்ற விஞ்ஞானி (அலகுக்கு அவர் பெயர்தான்) தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழலவிட்டு அளந்தபோது, அவர் வெப்பமானி அவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான். பெரிய அசைவு, துளி சூடு. பந்தின் ஆற்றல் தொலையவில்லை. விரலுக்குத் தெரியாத அளவுக்குப் பரவிவிட்டது, அவ்வளவுதான். பரவியதை அப்படியே திரட்டி மறுபடி பந்தைத் தூக்க வைக்க முடியாது. அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதில்தான் இருந்தது. நாம் சேமிப்பது அழியப் போகும் எதையும் இல்லை, இன்னும் பரவாமல் பயன்படும் நிலையில் இருப்பதை.

மொழியும் காலை வாரும். 'சக்தி இல்லை, களைப்பாக இருக்கிறது' என்று சொல்லி வளரும் பிள்ளையிடம் ஆற்றல், விசை (தள்ளுவதும் இழுப்பதும்), திறன் (ஆற்றல் செலவாகும் வேகம்) என்று மூன்று சொல்லைக் கொடுக்கிறோம். ஆசிரியர்களே திறனுக்கும் ஆற்றலுக்கும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு அரை மணி ஒதுக்கினால் போதும், இலக்கண வகுப்பாக்கிவிடாதே.

இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆசிரியர்களைத் தனித்தனியாக உட்காரவிடாதே. ஒரே மேசையில் உட்காரவை. அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று உயிரியல்காரர் சொன்னதும் வேதியியல்காரர் நெளிவார். நெளியட்டும். ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தங்களைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல். பிரிக்க நாம்தான் இழுக்க வேண்டும். சேரும்போது அவையாகவே 'டக்'கென்று ஒட்டும். பிணைப்பும் அப்படித்தான். ஒரு மோல், அதாவது ஏறத்தாழ பதினாறு கிராம், மீத்தேன் எரியும்போது பழைய பிணைப்புகளை அறுக்க ஏறத்தாழ 2,650 கிலோஜூல் போகிறது. கரியமில வாயுவிலும் நீராவியிலும் புதிய பிணைப்புகள் அமையும்போது 3,450 வருகிறது. கையில் நிற்கும் 800தான் நமக்குச் சுடராகத் தெரிகிறது. நானே இதைப் பல வருஷம் தலைகீழாக நடத்தினேன். எத்தனை பிள்ளைகள் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினார்களோ!

இரண்டு நாளோடு கைகழுவிவிடாதே. நான் போன பயிற்சிகளில் பாதி, கையேடு கொடுத்து, கையெழுத்து வாங்கியதோடு முடிந்தன. இரண்டு மாதம் கழித்து எல்லோரையும் மறுபடி கூப்பிடு. வரும்போது தங்கள் மாணவர்கள் எழுதிய தாள்களைக் கொண்டுவரச் சொல், அதுவும் தப்பாக எழுதிய தாள்களை. முதல் பயிற்சியைவிட அந்த ஒரு மதியம் உபயோகமாக இருக்கும்.

ஒன்று மறந்துவிட்டேன். மணல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். புட்டியைச் சுற்றித் தடித்த துணி கட்டு. அப்படியும் ஒருவர் எழுந்து, "இது கைச்சூடு மேடம்" என்பார். நீ பதில் சொல்லாதே. அதே அளவு மணலோடு, அதே துணி சுற்றிய இன்னொரு புட்டியைத் தயாராக வைத்திரு. குலுக்காமல் ஐந்து நிமிடம் சும்மா பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லி அவர் கையிலேயே கொடு.

அன்புடன்,
அம்மா