நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும்: ஊசிவேலை வர்த்தகக் கண்காட்சி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். கம்பளி நூலுக்கும் பூத்தையல் பருத்தி நூலுக்கும் கையால் சாயமேற்றி, அவற்றைச் சில்லறைக் கடைகளுக்கு மொத்த விலையில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறோம். அடுத்த பருவத்துக்கு எந்த நிறத்தில் எத்தனை சிட்டம் (நூல் கட்டு) சாயமேற்ற வேண்டும் என்பதை உங்கள் கண்காட்சியில் எழுதப்படும் ஆர்டர்களைக் கொண்டுதான் எங்களைப் போன்றவர்கள் முடிவு செய்கிறோம். அரங்கு ஒதுக்கீடு, சரக்கு இறக்குமிடம், அடையாள அட்டை போன்றவற்றில் எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. அவற்றை நன்றாகவே நடத்துகிறீர்கள். நாங்கள் பேச விரும்புவது கூடத்தின் விளக்குகளைப் பற்றியும், காட்சியாளர் விதிகளில் உள்ள மாதிரிப் பொருள் குறித்த நிபந்தனையைப் பற்றியும். கண்காட்சியில் வாங்குபவர் பார்த்த நிறமும், பின்னர் அவருடைய கடைக்குப் பார்சலில் வந்து சேரும் நிறமும் ஒன்றா என்ற கேள்வியில் இவ்விரண்டும் சந்திக்கின்றன என்பதால் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் விளக்குகள். எங்கள் அரங்குக்கு வரும் கடைக்காரர் முறுக்கிக் கட்டிய ஒரு சிட்டத்தை எடுக்கிறார், முறுக்கை அவிழ்த்து இழைகளை விரல்களின் மேல் பரப்பிப் பார்க்கிறார், தலையை நிமிர்த்திக் கூரை விளக்கை ஒரு முறை பார்க்கிறார், பிறகு “கொஞ்சம் வெளியே கொண்டுபோய்ப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டு, சிட்டத்தோடு வாசல் கண்ணாடிக் கதவை நோக்கி நடக்கிறார். (பல கூடங்களில் அந்தக் கண்ணாடியே லேசாகப் பச்சை பூசியது என்பது வேறு கதை.) அவரைக் குறை சொல்ல முடியாது. நிறம் தெரிந்தவர் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்கிறார். ஆனால் அரங்கிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து அரங்குக்கும் இடையே எத்தனையோ அரங்குகள் இருக்கின்றன. சிட்டம் திரும்பி வருகிறது, ஆர்டர் பல நேரங்களில் வருவதில்லை. நிறம் பார்ப்பதற்கென்றே கூடியவர்கள் நிறம் பார்க்க வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கூடத்தின் வெளிச்சம் அதன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் பொருள்.

இது வெறும் மனக்குறை இல்லை என்பதற்குச் சாயத்தொழிலில் அனைவரும் அறிந்த ஒரு காரணம் உண்டு. ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு நூல்கள் இன்னொரு விளக்கின் கீழ் வெவ்வேறாகத் தெரியும். இதை மெட்டமெரிசம் என்பார்கள். கண்ணுக்குப் பட்டது ஒரே நிறம் என்றாலும், அந்த நிறத்தை உண்டாக்கிய சாயக் கலவைகள் வெவ்வேறாக இருந்தால் இப்படி நேரும். கைச்சாயத்தில் இது அதிகம் தலைகாட்டுவது நடுநிலை நிறங்களில்தான். சாம்பல், களிமண் பழுப்பு, மங்கிய பச்சை ஆகியவற்றை நாங்கள் பெரும்பாலும் நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்றையும் கலந்தே உண்டாக்குகிறோம். கலவை விகிதம் சற்றுச் சாய்ந்தாலும், விளக்கு மாறும்போது அந்தச் சாம்பல் ஓரிடத்தில் ஊதாவாகவும் ஓரிடத்தில் பச்சையாகவும் தெரியும். பளிச்சென்ற மஞ்சளோ நீலமோ எந்த விளக்கிலும் ஓரளவு தாக்குப்பிடித்துவிடும். கைச்சாய நூலை விரும்பி வாங்குபவர்கள் தேடி வருவதோ அந்த அடங்கிய நிறங்களைத்தான்.

பெரிய ஆலைகள் இதைச் சமாளிக்கும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பகல் வெளிச்சத்துக்கு இணையாக வகுக்கப்பட்ட, சுமார் 6500 கெல்வின் நிறவெப்பநிலை (வெளிச்சம் மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பதைக் காட்டும் அளவு) கொண்ட டி65 ஒளியில் முதலில் பார்ப்பார்கள். பின்னர் கடைகளில் எரியும் குழல்விளக்கு ஒளியிலும், அதன் பின் பழைய குண்டுபல்பின் மஞ்சள் ஒளியிலும் வைத்துப் பார்ப்பார்கள். மூன்றிலும் ஒத்துவந்தால்தான் சரக்கு நகரும். உங்கள் கூடத்தில் நாங்கள் பார்ப்பதோ, ஒரு வரிசையில் வெண்ணிற எல்.இ.டி., அடுத்த வரிசையில் வேறொரு வகை விளக்கு, ஓரங்களில் மாற்றப்படாத பழைய குழல்விளக்கு என்ற கலவை. இரண்டு வரிசைகளுக்கு நடுவே அரங்கு கிடைத்தவர்களுக்கு, மேசையின் இடப்பக்கம் ஒரு நிறமும் வலப்பக்கம் ஒரு நிறமுமாக ஒரே சிட்டம் தெரிகிறது.

விளக்கு வாங்கும்போது நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனுக்கான சி.ஆர்.ஐ. எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறோம் என்று கூடத்தின் பொறுப்பாளர்கள் சொல்லக்கூடும். அந்த எண்ணின் உச்சம் 100; 80 இருந்தால் பொதுப் பயன்பாட்டுக்குப் போதும் என்று கருதப்படுகிறது. ஆனால் அந்த எண் எட்டு மிதமான நிறங்களைக் காட்டும் திறனின் சராசரி மட்டுமே. அடர்சிவப்பைக் காட்டும் திறனுக்கு ஆர்9 என்று தனி அளவு இருக்கிறது. அது அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை. ஆகவே 80 என்று அச்சிட்ட ஒரு விளக்கின் கீழ், மாதுளைச் சிவப்பு நூல் உலர்ந்த செங்கல் நிறத்தில் தெரிவதற்கு எந்தத் தடையும் கிடையாது. சிவப்பு மட்டும்தானே என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். பழுப்பு, ஊதா, ரோஜா, செம்பு என்று சிவப்பைக் கலந்து செய்த எல்லா நிறங்களும் அதோடு சேர்ந்து வாடுகின்றன.

இதில் எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. சில காட்சியாளர்கள் மஞ்சள் ஒளிக் குவிவிளக்குகளை வேண்டுமென்றே நூலின் மேல் திருப்பி, பொன்னிறமும் செந்நிறமும் தகதகவென்று தெரியும்படி வைக்கிறார்கள். அது வியாபாரத் தந்திரமாகச் சிலருக்குப் படலாம். பார்சலைப் பிரித்தவுடன் வாடிக்கையாளர் முகம் சுருங்கும்போது அந்தக் கெட்ட பெயர் கைச்சாயத் தொழில் முழுவதன் மேலும் விழுகிறது. ஆகவே காட்சியாளர் தாமே கொண்டுவரும் விளக்குகளை அனுமதிக்கும்படி கேட்கும் அதே மூச்சில், அவற்றின் சி.ஆர்.ஐ. 90-க்குக் குறையக் கூடாது, நிறவெப்பநிலை 5000 முதல் 6500 கெல்வினுக்குள் இருக்க வேண்டும் என்று எங்களைக் கட்டுப்படுத்தும்படியும் கேட்கிறோம். ஒவ்வோர் அரங்குக்கும் இத்தனை வாட் என்று நீங்கள் விதித்திருக்கும் வரம்பு இதற்குத் தடையாகாது. அதே வாட்டில் குண்டுபல்பு தந்ததைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை எல்.இ.டி. தந்துவிடும். வெளியிலிருந்து கொண்டுவரும் விளக்குகளை அடியோடு தடுக்கும் விதிதான் இப்போது குறுக்கே நிற்கிறது.

கூடம் முழுவதையும் மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை என்பதை அறிவோம். அது முடியாவிட்டால், கூடத்தின் நடுவில் மூன்று பக்கமும் சாம்பல் நிறத் தடுப்பு வைத்த ஒரு பொது மேசையையும் அதன்மேல் டி65 விளக்கையும் அமைத்துத் தாருங்கள். நூல் விற்பவர்கள் மட்டுமன்றி லினன் துணி விற்பவர்களும், மணி விற்பவர்களும், பூத்தையல் வரைபட வடிவமைப்பாளர்களும் அதைப் பயன்படுத்துவார்கள். துணியையும் நூலையும் வெவ்வேறு அரங்குகளில் வாங்கிப் பொருத்திப் பார்க்கும் கடைக்காரருக்கு வாசலுக்கு நடக்கும் வேலை இருக்காது.

இனி மாதிரிப் பொருள் குறித்த நிபந்தனை. காட்சிக்கு வைத்த மாதிரியும் பின்னர் அனுப்பப்படும் சரக்கும் நிறத்தில் முற்றிலும் ஒத்திருக்க வேண்டும், தவறினால் வாங்கியவர் திருப்பி அனுப்பலாம் என்று உங்கள் விதி சொல்கிறது. ஆலை நூலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது. பிரெஞ்சு நூல் நிறுவனமான டிஎம்சியின் 310-ஆம் எண் என்றால் எந்த நாட்டுக் கடையிலும் கருப்பு நூல்தான் கைக்கு வரும். அந்த உறுதிப்பாடு ஆலைத் தொழிலின் பெரிய சாதனை, அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஆலைகளுக்குள்ளேயே “முற்றிலும்” என்ற சொல்லுக்கு இடமில்லை. நிற வேறுபாட்டைச் சாம்பல் நிற இணைகளோடு ஒப்பிடும் சாம்பல் அளவுகோலில் 5 (வேறுபாடே இல்லை) முதல் 1 வரை தரம் பிரித்து, இந்த அளவு வரை ஏற்கலாம் என்று விற்பவரும் வாங்குபவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான் அங்கே நடைமுறை. அவர்களுக்கு இருக்கும் அந்த இடைவெளியைக்கூட உங்கள் விதி எங்களுக்குத் தரவில்லை.

கைச்சாயத்தில் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது நல்லது. கம்பளிக்கு நாங்கள் அமிலச் சாயம் பயன்படுத்துகிறோம். சிட்ரிக் அமிலமோ வினிகரோ சேர்த்த நீரில் நூலைப் போட்டுக் கொதிநிலையை நெருங்கும் வரை சூடேற்றும்போது சாயம் இழையில் ஏறுகிறது. கலவையில் உள்ள எல்லாச் சாயங்களும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முந்திக்கொள்வது ஒன்று, கடைசி வரை நீரிலேயே மிதப்பது ஒன்று. அமிலத்தைச் சற்று முன்னதாக ஊற்றினாலோ, சூடு சற்று வேகமாக ஏறினாலோ, முந்தும் சாயம் ஓரிடத்திலேயே தங்கிவிடும். இயந்திரத்தில் துவைப்பதற்கேற்பப் பதப்படுத்திய கம்பளி சாயத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். பருத்திக்கு வேறு கணக்கு. 1956-இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்களையே இன்றும் நம்பியிருக்கிறோம். சலவைச் சோடா சேர்ந்ததும் அச்சாயம் இழையோடு மட்டுமல்லாமல் தண்ணீரோடும் வினைபுரிந்து நேரம் ஆக ஆக வலுவிழக்கிறது. காலையில் கரைத்த கரைசலில் மாலையில் தோய்த்த சிட்டம் வெளிறித்தான் வரும். ஒரே சிட்டத்துக்குள் அடர்த்தியும் வெளிறலும் மாறி மாறி ஓடுவதைத்தான் வாங்குபவர்கள் அழகென்று விரும்புகிறார்கள். கிராஸ் ஸ்டிச் போடுபவர்கள் அந்த ஓட்டம் துணியில் தெரிய வேண்டும் என்பதற்காகவே, வரிசை முழுவதும் அரைத்தையல் போட்டுத் திரும்பி வராமல் ஒவ்வொரு குறுக்கையும் அங்கங்கே முடித்துவிட்டு நகர்கிறார்கள்.

இவ்வளவும் சொல்வதால் எங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று கேட்பதாக எண்ண வேண்டாம். உண்மையில் உங்கள் விதி கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டு, கேட்க வேண்டியதை விட்டுவிடுகிறது. வெள்ளை லினனில் மாதக்கணக்கில் போட்ட பூத்தையலைக் கடைசியில் ஒருமுறை அலசும்போது, சிவப்பு கசிந்து துணியெங்கும் ரோஜாத் திட்டாகப் படர்ந்தால் அந்த வேலையை மீட்க வழியில்லை. மேலே சொன்னபடி தண்ணீரோடு வினைபுரிந்து வீணான சாயம் பருத்தி இழையில் சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கும்; கொதிக்கும் நீரில் பலமுறை அலசி அதை வெளியேற்றாமல் நூலை விற்பவர்கள்தான் இந்தச் சேதத்துக்குக் காரணம். அலசினால் நேரமும் தண்ணீரும் செலவாகும் என்பதைத் தவிர அதைத் தவிர்க்க வேறு காரணம் இல்லை. உங்கள் விதிகளில் சாய உறுதி, அதாவது சாயம் கசியாமலும் மங்காமலும் நிற்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. துவைத்தல், உராய்வு, வெயில் ஆகிய மூன்றுக்கும் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 105 வரிசையில் சோதனை முறைகள் இருக்கின்றன. வெயிலில் மங்காமைக்கு நீலச் சாயமேற்றிய கம்பளித் துண்டுகளோடு ஒப்பிடும் நீலக் கம்பளி அளவுகோலில் 1 முதல் 8 (மிகக் குறைவாக மங்குவது) வரை தரம் உண்டு. சிறு நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாது. ஆனால் நனைத்த வெள்ளைத் துணியில் நூலை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பதும், ஒரு சிட்டத்தின் பாதியை மூடி மீதியை வெயில் படும் சன்னலில் விட்டு வைப்பதும் யாராலும் முடியும். அந்த முடிவை நிற அட்டையில் எழுதும்படி கட்டாயப்படுத்துங்கள். அதற்குக் கட்டுப்படாதவர்களுக்கு அரங்கு தர வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இதைச் சொல்வதால் சக தொழிலாளர்கள் சிலருக்கு எங்கள்மேல் வருத்தம் வரும் என்பதும் தெரியும்.

நிறப் பொருத்தம் குறித்த நிபந்தனைக்கு மாற்றாக நாங்கள் முன்வைப்பது இதுதான். கைச்சாய நூல் என்று பதிவு செய்யும் காட்சியாளர், ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு லாட்டுகளிலிருந்து (ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயமேற்றியவை ஒரு லாட்) எடுத்த மூன்று சிட்டங்களை லாட் எண்ணோடு ஒன்றாக மாட்டி வைக்க வேண்டும். அனுப்பப்படும் சரக்கு அந்த மூன்றும் காட்டும் எல்லைக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் திருப்பி அனுப்பும் உரிமை வாங்குபவருக்கு இருக்கட்டும். ஒரு தொட்டியில் எத்தனை சிட்டம் ஒரே லாட்டாக வரும் என்பதையும் ஆர்டர் படிவத்தில் எழுத வேண்டும். இந்த ஒரு தகவல் பல சண்டைகளைத் தவிர்க்கும். 100 கிராமில் சுமார் 400 மீட்டர் ஓடும் மெல்லிய நூலில் பெரியவர் ஒருவருக்கு ஸ்வெட்டர் பின்ன நாலைந்து சிட்டமாவது தேவைப்படும். பாதியில் லாட் மாறினால் மார்பின் குறுக்கே கோடு போட்டது போல் தெரியும். இரண்டு வரிசைக்கு ஒரு சிட்டமாக மாற்றி மாற்றிப் பின்னி அந்தக் கோட்டை மறைக்கும் வித்தை பின்னுபவர்களுக்குத் தெரியும் என்றாலும், கடைக்காரர் தமக்கு வேண்டிய அளவை ஒரே லாட்டில் கேட்டு வாங்க வழியிருக்கும்போது அந்தச் சுமையை அவர்கள் தலையில் ஏற்றுவானேன்? அதேபோல், அரங்கில் தொங்கும் தைத்து முடித்த மாதிரிகளின் கீழும் எந்த லாட்டில் தைத்தது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு பிரிவினருக்கு மட்டும் தனி விதி வகுத்தால் மற்றவர்கள் கேள்வி எழுப்புவார்கள் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். கத்தரிக்கோல் விற்பவருக்கும் புத்தகம் விற்பவருக்கும் ஏற்கனவே வெவ்வேறு பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கிறீர்கள்; பொருளின் தன்மைக்கேற்ற விதியை யாரும் சலுகை என்று சொன்னதில்லை. விண்ணப்பத்தில் “ஆலைச் சாயம்”, “கைச்சாயம்” என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்தால் போதும்.

அடுத்த காட்சியாளர் கையேடு அச்சுக்குப் போகும் முன் இவற்றைக் குழுவில் எடுத்துப் பேச வேண்டுகிறோம். எல்லாவற்றையும் ஒரே முறையில் செய்ய இயலாதென்றால் விளக்கை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்; லாட் எண்ணையும் வேறுபாட்டு எல்லையையும் நாங்களே எங்கள் ஆர்டர் படிவத்தில் எழுதிக்கொள்ள முடியும், கூரை விளக்கை எங்களால் மாற்ற முடியாது. அதுவும் முடியாதென்றால், கூடத்தில் எரியும் விளக்குகளின் சி.ஆர்.ஐ., ஆர்9, நிறவெப்பநிலை ஆகியவற்றை வரிசை வாரியாகக் கையேட்டில் அச்சிட்டுத் தாருங்கள். எந்த வெளிச்சத்தில் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால், எந்த நிறங்களை முன்வரிசையில் வைப்பது, எவற்றைப் பெட்டியிலேயே விட்டு வருவது என்பதையாவது நாங்கள் புறப்படும் முன் தீர்மானித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கைச்சாய நூல் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தார்