குழுக் கடனும் கழித்தல் குறியும்

பாளையங்கோட்டை,
12.10.2025

அன்புள்ள மலர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. ராத்திரி பன்னிரண்டு மணி வரை பி.எட். ரெக்கார்டு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தால் கடிதம் எங்கே எழுத?

உன் தங்கை பி.எட். சேரலாமா என்று கேட்டிருந்தாய். நம் அக்காக்கள் காலம் மாதிரி ஒரே வருஷத்தில் முடிகிற படிப்பு இல்லை இது. 2015இலிருந்து இரண்டு வருஷம். கல்லூரியைப் பிடிக்கும் முன், அது தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா என்று பார்க்கச் சொல். மற்றபடி முதல் வருஷம் பெரும்பாலும் நோட்டும் சார்ட்டும்தான். நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. ஐந்தாறு நிமிஷம், ஒரே ஒரு திறன். எதிரே நம் வகுப்புத் தோழிகளே பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். நாற்பது வயது அக்காகூடக் கையைத் தூக்கி, "மிஸ், நான் சொல்றேன் மிஸ்" என்பார். எல்லாரும் சரியான விடையையே சொல்லிவிடுவார்கள், அதுதான் சிக்கல்.

அப்புறம் பள்ளிக்கூடப் பயிற்சி. முதல் வருஷம் 4 வாரம், இரண்டாம் வருஷம் 16 வாரம். எனக்கு இன்னும் மூன்று வாரம் மிச்சம்.

ஏழாம் வகுப்புக்கு முழுக்கள் பாடம், அதாவது கழித்தல் குறி போட்ட எண்களும் வருகிற கணக்கு, நடத்தப் போனேன். பாடத்திட்டத்தில் 'ஊக்குவித்தல்' என்ற கட்டத்துக்காக ஒரு வெப்பமானியைச் சிவப்பும் நீலமுமாக வரைந்து, லடாக்கில் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர் போகும் என்று ஆரம்பித்தேன். நம்ம ஊர் வெயிலில் காய்கிற பிள்ளைகள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். 5 – (–3) எவ்வளவு என்றேன். பாதி வகுப்பு 2 என்றது. எண்கோட்டைப் போட்டு இடமும் வலமும் நடந்து காட்டினேன். இன்னும் குழம்பினார்கள், நானும் சேர்ந்து.

ரெண்டாம் பெஞ்சுக்காரி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், மகளிர் குழுக் கடனைத் தள்ளுபடி பண்ணுனா எங்கம்மாவுக்குக் காசு கூடுன மாதிரிதானே?"

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அம்மா கையில் எட்டு ரூபாய், கடன் மூன்று ரூபாய். அப்படியானால் அவளுடையது என்று சொல்ல ஐந்துதான். அந்தக் கடனைக் கழித்துவிட்டால்? "எட்டு!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வெப்பமானி சார்ட் அன்று முழுக்கச் சுவரில் சும்மா தொங்கியது. அதற்கு ரெக்கார்டில் மார்க் உண்டு. குழுக் கடனுக்குக் கட்டமே கிடையாது.

எல்லாம் முடிந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த வழிகாட்டி டீச்சர் பாராட்டுவார் என்று நோட்டை நீட்டினால், சிவப்பு மையில் ஒரே வரி: 'கரும்பலகையை மறைத்து நிற்கிறாய்.' இப்போது எழுதிவிட்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்கிறேன்.

அந்த டீச்சரைப் பற்றி இன்னொன்று. 2004இல் வேலைக்குச் சேர்ந்தவர், ஓய்வுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. போன மாதம் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே, பேப்பரில் பார்த்திருப்பாய். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. 150 கேள்வி, பொதுப் பிரிவென்றால் 90 எடுத்தாக வேண்டும். 2012இல் முதல் டெட் நடந்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை என்பது ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் சாப்பாட்டு வேளையில் டீச்சர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "உன்கிட்ட சைக்காலஜி நோட்ஸ் இருக்கா?" என்றார். குழந்தை மேம்பாட்டுப் பகுதிக்கு மட்டும் 30 மார்க். இருபது வருஷமாக எந்தப் பிள்ளை எங்கே தடுமாறும் என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவர், இப்போது குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளை விரல் விட்டு ஒப்பிக்கிறார். நான் கேள்வி கேட்கிறேன். மணி அடித்ததும் அவர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறக்கிறார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது; அவருக்கு இல்லை.

சம்பளம், காலிப்பணியிடம் என்று உன் அம்மா கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. டெட் தேறிவிட்டு வேலைக்காக வருஷக்கணக்காகக் காத்திருக்கிறவர்கள் என் வகுப்பிலேயே ஒருத்தியின் வீட்டில் இருக்கிறார்கள். அதைத் தங்கையிடம் மறைக்காதே.

தீபாவளிக்கு வருகிறாய்தானே? அவளையும் கூட்டி வா. லீவு முடிந்து ஒரு நாள் என்னோடு பள்ளிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காரட்டும். எச்.எம்.மிடம் சொல்லி வைக்கிறேன். வரும்போது நாலு சார்ட் பேப்பர் வாங்கி வா, வெளிர் மஞ்சள். இங்கே கடையில் தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உன் கலா