ருக்மணிக்கு, அரசாணிக்கொடி பற்றி

எடிசன், நியூஜெர்சி
மார்ச் 9

அன்புள்ள ருக்மணி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கோல் இல்லாமலே தபால் பெட்டி வரை போய்வருகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பயிற்சி கொடுக்க வரும் பெண் அதட்டுகிறாள் என்று குறைப்பட்டிருக்கிறாய். நன்றாக அதட்டட்டும். விடுதியில் காப்பாளர் அம்மா முதல் சமையல்காரர் வரை எல்லோரையும் நீ அதட்டிக்கொண்டிருந்தபோது உன்னைக் கேட்க ஆளில்லை. அந்தக் கணக்கு இப்போது அட்லாண்டாவில் நேராகிறது.

இங்கே எல்லோரும் நலம். அவர் ஓய்வு பெற்றதிலிருந்து பழுதாகாத பொருள்களையெல்லாம் பழுது பார்க்கிறார். வேலியோரம் பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. வீட்டுக்குள் மட்டும் தோட்டக்காலம் தொடங்கிவிட்டது. சாப்பாட்டு மேசை முழுக்க விதைப் பட்டியல்கள்.

சரி, உன் சுக்கினிக்கு, வெள்ளரி போலக் காய்க்கும் அந்தப் பூசணிச் செடிக்கு, வருகிறேன். மதியத்தில் இலை துவண்டு, மாலையில் நிமிர்ந்து, இப்படியே சில நாள் நடித்துவிட்டுச் செடி ஒரேயடியாகப் படுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். தண்ணீர் போதவில்லை என்று மகனும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிவிட்டது என்று மருமகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்களாம். இரண்டும் இல்லை. கடைசி வரியில் போகிற போக்கில் நீயே விடையையும் எழுதியிருக்கிறாய்: தண்டின் அடியில் ஈரமான மரத்தூள் போல ஏதோ ஒட்டியிருந்தது என்று. அது புழுவின் கழிவு. அந்த இடத்தில் தண்டை நெடுக்காகக் கீறிப் பார்த்திருந்தால் பழுப்புத் தலையும் வெளுத்த உடம்புமாக ஒரு கொழுத்த புழு நெளிந்திருக்கும். வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறும் வழியை அது உள்ளிருந்தே தின்று தீர்த்துவிடுகிறது. வெளியே நீ எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இலைக்குப் போய்ச் சேராது.

இதன் பெயர் ஸ்குவாஷ் கொடித் துளைப்பான்; ஸ்குவாஷ் என்றால் பூசணி வகைக் காய். தாவரவியல் வகுப்பில் நான் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்யும்போது காதைப் பொத்திக்கொள்வாய். இதை மட்டும் கேள், மெலிட்டியா குக்குர்பிட்டே. ராக்கி மலைக்குக் கிழக்கே இந்த நாடு முழுக்க இதன் ராஜ்யம்தான். நம் ஊரில் இது கிடையாது. அங்கே அரசாணிக்கு, அதாவது பரங்கிக்கு, எதிரி இலையைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டும் பிஞ்சைக் குத்திக் கெடுக்கும் பழ ஈயும். அதனால்தான் தோட்ட அனுபவம் உள்ள நம்மவர்கள்கூட இங்கே முதல் ஆண்டு திகைத்துப்போகிறார்கள்.

தாய்ப்பூச்சியை நீ பார்த்திருப்பாய், குளவி என்று நினைத்து ஒதுங்கியிருப்பாய். அந்துப்பூச்சி இனம்தான், ஆனால் பட்டப்பகலில் பறக்கும். ஆரஞ்சு நிற வயிற்றில் வரிசையாகக் கரும்புள்ளிகள், பின்னங்கால்களில் சிவப்பும் கறுப்புமாக அடர்ந்த மயிர், கண்ணாடியாகத் தெரியும் பின்சிறகு. வெயிலில் தண்டின் அடியை வட்டமிட்டு ஒவ்வொரு முட்டையாக ஒட்டிவிட்டுப் போகும். முட்டை தட்டையானது, செம்பழுப்பு நிறம், ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் தெரியும். குனிவதற்கு உனக்கு இன்னும் சில மாதம் ஆகும், எனவே பேத்தியைப் பார்க்கச் சொல். ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சுப் புழு வெளிவந்து நேரே தண்டுக்குள் நுழைந்துவிடும். நுழைந்த பிறகு மேலே எந்த மருந்து தெளித்தும் பயனில்லை. நாலைந்து வாரம் தின்றுவிட்டு இறங்கி மண்ணுக்குள் கூடு கட்டிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க அங்கேதான் இருக்கும்.

ஆகவே முதலில் ஒன்று சொல்: அந்தச் செத்த செடிகளை என்ன செய்தீர்கள்? பாத்தியிலேயே விட்டிருந்தால் உன் எதிரி இப்போது அதே மண்ணில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் தூங்குகிறது. இந்த ஆண்டு அந்தப் பாத்தியில் கத்தரியோ வெண்டையோ போடு. கொடியை வேறு மூலைக்கு மாற்று.

இது வரும் நேரத்தை அறிய இங்கே ஓர் அடையாளம் உண்டு. சாலையோரத்தில் வெளிர்நீலமாகச் சிக்கரி பூக்கும் காலமும் இந்தப் பூச்சி மண்ணிலிருந்து கிளம்பும் காலமும் ஒன்று. ஆமாம், நம் காப்பித்தூளில் கலக்கிறார்களே, அதே சிக்கரிதான். எங்கள் பக்கம் ஜூன் கடைசியில் பூக்கும். உங்கள் ஜார்ஜியாவில் பூச்சி இன்னும் முன்னதாகவே வந்துவிடும். போதாக்குறைக்கு எங்களுக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்றால், தெற்கே இரண்டு. இங்கே ஜூலையில் பிந்தி விதைத்துச் சுக்கினியைத் தப்பவைக்கிறோம். அந்தத் தந்திரம் உன்னிடத்தில் அவ்வளவாகப் பலிக்காது.

முட்டையைச் சுரண்டுவது, தண்டைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டுவது, மெல்லிய துணி போர்த்துவது, ஊசியால் தண்டுக்குள் நுண்ணுயிர் மருந்து செலுத்துவது என்று மற்ற வைத்தியங்கள் எத்தனையோ. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பலன் தரும். ஆனால் காலை முதல் மாலை வரை ஒரு சுக்கினிச் செடிக்குக் காவல் நிற்க நம் வயதில் யாருக்கு முடியும்? நான் சொல்வது ஒன்றுதான்: சண்டையை விடு, இனத்தை மாற்று.

கடையில் ஸ்குவாஷ், பூசணி என்று பெயர் போட்டு விற்பதெல்லாம் ஒரே செடி அல்ல. முக்கியமாக மூன்று இனங்கள். சுக்கினி, மஞ்சள் ஸ்குவாஷ், அக்கார்ன், ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பூசணி எல்லாம் பெப்போ இனம். ஹப்பர்ட், பட்டர்கப், கபோச்சா எல்லாம் மாக்ஸிமா. இந்த இரண்டு இனங்களும் துளைப்பானுக்கு விருந்து. ஹப்பர்ட் என்றால் அதற்கு உயிர்; பண்ணைக்காரர்கள் சிலர் வயலைச் சுற்றி நீல ஹப்பர்டை நட்டு, பூச்சியை அங்கே இழுத்து உள்ளே இருக்கும் பயிரைக் காப்பாற்றுகிறார்கள். மூன்றாவது மாஸ்கேட்டா. பட்டர்நட் இந்த இனம். இதைத் துளைப்பான் அவ்வளவாகச் சாய்க்காது. சுக்கினித் தண்டையும் பட்டர்நட் தண்டையும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் காரணம் புரியும். சுக்கினித் தண்டு பருத்து, மெத்தென்று, நடுவில் குழலாக இருக்கும். இளம்புழுவுக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. பட்டர்நட் தண்டு ஒல்லி, கெட்டி, உள்ளே இடமே இல்லை. கத்தியே சற்றுத் தயங்கும். புழு நுழையவே முடியாது என்று சொல்லமாட்டேன். பூச்சி மிகுந்த ஆண்டில் இலைக்காம்பிலும் சில சமயம் காயிலும் கூடத் துளை விழும். ஆனால் செடி பெரும்பாலும் சாகாது.

அதோடு மாஸ்கேட்டாக் கொடி படரும்போது கணுவுக்குக் கணு வேர் விடும். அந்தக் கணுக்கள் மேல் ஒரு பிடி மண் போட்டு வை. அடித்தண்டே போனாலும் கொடி மற்ற வேர்களை வைத்துப் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. நம் ஊரில் கீற்றுப் போட்டு விற்கும் அரசாணிக்காய், சென்னைக்காரர்களின் பரங்கிக்காய், பெரும்பாலும் இதே மாஸ்கேட்டாதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 ரகங்கள் இரண்டும் இந்த இனம். பெங்களூரின் அர்கா சந்தன் கூட. உன் அமுச்சி வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையில் யாரும் சீண்டாமல் படர்ந்து கிடந்ததே, அதுவும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கடையில் முழுக்காய் வாங்கும்போது காம்பைப் பார். கெட்டியாக, ஐந்து பட்டையாக, காயோடு சேரும் இடத்தில் விரிந்திருந்தால் மாஸ்கேட்டா. உருண்டையாக, தக்கை மாதிரி இருந்தால் மாக்ஸிமா. அதற்காக ஊரிலிருந்து வருபவர்களிடம் விதை கொண்டுவரச் சொல்லாதே. உரிய சான்றிதழ் இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள். இங்கேயே நல்ல விதை கிடைக்கிறது.

எதை வாங்குவது என்று கேட்பாய். வால்தம் பட்டர்நட்டுக்கு என் முதல் ஓட்டு. மாசசூசெட்ஸில் உருவாக்கியது, 1970இல் அகில அமெரிக்கத் தேர்வில் பரிசு பெற்றது, இன்றுவரை அதை மிஞ்ச ஆளில்லை. விதைத்து மூன்றரை மாதம் பொறுக்க வேண்டும். பொறுத்தால் அடுத்த தை வரை அலமாரியில் கெடாமல் இருக்கும். தட்டைப்பயறு சேர்த்துக் குழம்பு வைத்துப் பார், கோபிச்செட்டிபாளையத்துக்கே போய் வந்தது போல இருக்கும்.

உன் வெயிலுக்குப் பொருத்தமானது செமினோல் பூசணி. ஃபுளோரிடாவின் செமினோல் பழங்குடி மக்கள் மரங்களில் ஏற்றி வளர்த்தது. புழுக்கம், பூச்சி, பூஞ்சை எல்லாவற்றையும் தாங்கும். இடம் மட்டும் கேட்கும். இருபத்தைந்து அடிக்கு மேல் ஓடும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர்தானே?

சுக்கினி இல்லாமல் மருமகளுக்கு ஆகாது என்று எழுதியிருந்தாய். அதற்கும் வழி இருக்கிறது. இத்தாலியின் லிகூரியாவிலிருந்து வந்த டிராம்பொன்சினோ. இதுவும் மாஸ்கேட்டாதான், ஆனால் பிஞ்சிலேயே பறித்துச் சுக்கினியாகச் சமைக்கலாம். காய் ஒரு முழத்துக்கும் மேல் வளைந்து நெளிந்து வளரும், விதையெல்லாம் அடிக்குமிழில் மட்டும். மேலே முழுக்கச் சதை. சுக்கினியைவிட இறுக்கமானது, கூட்டில் குழைந்துபோகாது. முற்றவிட்டால் பட்டர்நட் மாதிரி பழுக்கும், ருசி அவ்வளவு போதாது. பந்தலில் ஏற்றினால்தான் காய் நேராக இறங்கும். என் பந்தல் பண்ணைக் கடையில் விற்கும் மாட்டு வேலிக் கம்பித் தட்டியை வளைத்து நட்டது. கனமான காயைப் பழைய புடவைக் கிழிசலில் தூளி கட்டித் தாங்குகிறேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கே நீ இவ்வளவு செய்யவில்லை என்கிறார்.

அசல் சுக்கினிதான் வேண்டும் என்று மருமகள் அடம்பிடித்தால், சீக்கிரமே விதைத்து மெல்லிய துணியால் மூடி, பெண் பூ வந்ததும் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் தேனீ வராது, காய் பிடிக்காது. கிடைத்தவரை பறித்துவிட்டுச் செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். எதைத் தெளிப்பதாக இருந்தாலும் காலையில் வேண்டாம். விடியலிலேயே பூவுக்குள் ஸ்குவாஷ் தேனீக்கள் வேலை செய்யும். மதியம் பூ மூடிய பிறகு ஆண் தேனீக்கள் அதற்குள்ளேயே படுத்து உறங்கும். மூடிய பூவை மெல்ல விரலால் அழுத்திப் பார், உள்ளே ரீங்காரம் கேட்கும். பேத்திக்குக் காட்டு, பள்ளியில் போய்ச் சொல்வாள்.

மாஸ்கேட்டா போட்டால் கவலையே இல்லை என்று நினைத்துவிடாதே. சாறு உறிஞ்சும் ஸ்குவாஷ் பூச்சி வரும், கோடுபோட்ட வெள்ளரி வண்டு வரும், ஆகஸ்டில் இலையெல்லாம் சாம்பல் பூக்கும். எங்கள் தெருவில் குழிபறிக்கும் மர்மோட் என்ற கொறிக்கும் பிராணி ஒன்று இருக்கிறது. அதற்கு எந்த இனமும் ஒன்றுதான். விதையை எடுத்து வைப்பதானால் மாஸ்கேட்டாவில் ஒரே வகையை மட்டும் நடு. பட்டர்நட்டும் செமினோலும் பக்கத்தில் இருந்தால் கலந்துவிடும். அடுத்த ஆண்டு என்ன காய்க்கும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

சுரை, பீர்க்கு, பாகல், புடலை எல்லாவற்றையும் தாராளமாகப் போடு. துளைப்பானுக்கு அவற்றில் அவ்வளவாக நாட்டமில்லை. வெள்ளரியையும் அநேகமாகத் தொடாது. உன் வெயிலுக்குப் பாகல் பின்னி எடுக்கும். இங்கே செப்டம்பர் முடிவதற்குள் அதற்குக் குளிர் கண்டுவிடுகிறது. அந்தப் பொறாமை எனக்கு எப்போதும் உண்டு.

மற்றபடி, நம் கல்யாணி பொள்ளாச்சி வீட்டை விற்றுவிட்டு மகளோடு பெங்களூரு போய்விட்டாள். தொலைபேசியில் குரல் சரியில்லை. தென்னந்தோப்பைப் பார்த்தே வாழ்ந்தவள், இப்போது பதினான்காவது மாடியில் இருக்கிறாள். பால்கனித் தொட்டியில் என்ன வைக்கலாம் என்று கேட்டாள். மிளகாயும் புதினாவும் சொல்லியிருக்கிறேன். நீயும் ஒரு நாள் பேசு. என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வாள்.

விதை வாங்கும் முன் பையின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, இனம் எதுவென்று பார்த்துச் சொல்கிறேன். ஏப்ரல் பாதிக்குப் பிறகு மண் சுட்டதும் விதைக்கலாம். பந்தல் வேலையை மட்டும் மகனிடம் இன்றே சொல்லிவை. மே மாதம் சொன்னால் தீபாவளிக்குத்தான் போடுவான்.

உன்
வசந்தா