தொலேதோ வேறொரு நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. மே மாதம் நாங்கள் ஸ்பெயினுக்கு வந்ததும் தொலேதோ, செகோவியா, ஆவிலா என்ற மூன்று ஊர்களையும் ஒரே நாளில் காரில் சுற்றிக் காட்டுவதாக எழுதியிருந்தாய். உன் ஆசை புரிகிறது. ஆனால் வரைபடத்தைப் பார். தொலேதோ மாட்ரிட்டுக்குத் தெற்கே 70 கிலோமீட்டர். மற்ற இரண்டும் வடமேற்கே, குவாடராமா மலைக்கு அப்பால். மூன்றையும் சேர்த்தால் அம்மா பார்க்கப்போவது நெடுஞ்சாலையை மட்டும்தான். தொலேதோவுக்கு அதிவேக ரயிலில் அரை மணி நேரம். அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வோம்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பி முதலில் செகோவியா, சுமார் 90 கிலோமீட்டர். மலை மேல் வளைந்து ஏறும் நவசெர்ராதா கணவாய்ப் பாதை வேண்டாம், அம்மாவுக்குத் தலை சுற்றும். சுங்கம் கட்டினாலும் சுரங்கப்பாதை வழியாகவே போ.

செகோவியாவில் அந்தத் தொட்டிப்பாலத்தின் அடியில் எனக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். பொதுப்பணித்துறையில் கால்வாயும் மதகுமாகவே காலம் கழித்தவன் கேட்கிறேன், மறுக்காதே. ரோமானியர் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் கட்டியது. உயரமான இடத்தில் 28 மீட்டர், இரண்டு அடுக்கு வளைவுகள். கருங்கற்களுக்கு இடையே சாந்தே கிடையாது. கல்லின் எடையும் வளைவின் அழுத்தமும்தான் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மலை ஓடையிலிருந்து பல கிலோமீட்டர் தூரம் தண்ணீர் தானாகவே ஓடி வரும்படி சரிவு கொடுத்திருக்கிறார்கள். ஊருக்குள் நுழையுமுன் மணல் படியத் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். மாத்தூர்த் தொட்டிப்பாலத்தில் உன்னை நடக்கவைத்துக் காட்டியபோது சொன்னேனே, அதே சரிவு பார்க்கும் வேலைதான்.

அங்கிருந்து அல்காசர் கோட்டைவரை கல் பாவிய தெரு, நடக்க ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகும். அம்மாவின் முழங்காலுக்காக நடுவில் பெரிய சதுக்கத்தில் உட்காருவோம். அந்தச் சதுக்கத்தில் இருந்த பழைய சான் மிகேல் தேவாலயத்தில்தான் 1474இல் இசபெல் காஸ்டில் நாட்டின் அரசியாக அறிவிக்கப்பட்டாள். பேத்திக்கு அந்தக் கதையை நான் சொல்கிறேன்.

சாப்பாட்டை மட்டும் யோசி. அந்த ஊரில் பெயர்பெற்றது பால்குடிப் பன்றிக்குட்டி வறுவல். பெரிய பீன்ஸ் குழம்பில்கூடத் தொத்திறைச்சி போடுவார்கள். அம்மாவுக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்வோம்.

ஆவிலாவுக்கு 65 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள். போகும்போது நீ ஓட்டு, திரும்பும்போது மாப்பிள்ளை ஓட்டட்டும். காரைப் பழைய ஊரைச் சுற்றியுள்ள கோட்டை மதிலுக்கு வெளியே நிறுத்திவிடுங்கள். நீலக் கோடு போட்ட இடமென்றால் நேரம் பார்த்துச் சீட்டு வாங்கவேண்டும். மதில் சுற்றளவு சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். 80க்கும் மேற்பட்ட கோபுரங்கள், 9 வாயில்கள். பேராலயத்தின் பின்பக்கமே மதிலோடு சேர்த்துக் கட்டிய கோபுரம். கத்தோலிக்கப் புனிதர் தெரசா அம்மையார் (நம் கொல்கத்தா அன்னை தெரசா அல்ல) 1515இல் பிறந்த ஊர். மேலே ஏற நீங்கள் போங்கள், நான் அம்மாவோடு கீழே இருக்கிறேன். கிளம்புமுன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான்கு தூண் மேடைக்குப் போவோம். சாயங்கால வெயில் மேற்கு மதிலில் விழும், அங்கிருந்துதான் முழு மதிலும் தெரியும். மே மாதத்தில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், பறக்கவேண்டாம்.

ஆவிலா 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாலையில் குளிரும், பேத்திக்கு ஸ்வெட்டர் எடுத்துவை. வாடகைக் காருக்குப் பணம் கட்டுமுன் அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

அன்புடன்,
அப்பா